மடத்துப் பெட்டியில் பழைய மேற்கட்டி, தொம்பை: கறுப்புக் கோடு மட்டும் உதிர்கிறது, என்ன செய்யலாம்?

தறிக்குழி எழுதியது:

வணக்கம். கும்பகோணம் பக்கம் ஒரு சின்ன ஊர். ஒரு காலத்தில் எங்கள் தெரு முழுக்கத் தறிச் சத்தம்தான். இப்போது 11 தறி ஓடுகிறது. தெருவுக்கென்று ஒரு பஜனை மடம் உண்டு. அது அறநிலையத் துறைக்குக் கீழ் வராது, எங்கள் நெசவாளர் சங்கம்தான் பார்த்துக்கொள்கிறது. நான் சங்கத்துப் பொருளாளர். பிழைப்புக்குப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் வேலை.

ஐப்பசி மழையில் மடத்து ஓடு சரிந்து பரணுக்குள் தண்ணீர் இறங்கியது. அங்கிருந்த தேக்குப் பெட்டியை இறக்கித் திறந்தால், உள்ளே கையால் சாயம் எழுதிய மேற்கட்டி (சாமிக்கு மேலே விதானமாகக் கட்டும் துணி) ஒன்று, தொம்பை (குழல் மாதிரித் தைத்துத் தொங்கவிடும் துணி) நான்கு, சீதைக்குச் சாத்துகிற முழம் நீளப் பட்டுப் புடவை ஒன்று. மேற்கட்டி 9 அடிக்கு 7 அடி. நடுவில் பட்டாபிஷேகம், சுற்றி அன்ன வரிசை, ஓரத்தில் கொடி. எங்கள் தெருவில் 84 வயது தாத்தா ஒருவர், தன் தாத்தா காலத்திலேயே இது பழசு என்று சொல்லக் கேட்டிருக்கிறாராம்.

பிரச்சினை விசித்திரமாக இருக்கிறது. சிவப்பு அப்படியே இருக்கிறது. நீலம் கொஞ்சம் மங்கல், ஆனால் துணி உறுதி. கறுப்புக் கோடு போன இடத்தில்தான் துணியே இல்லை. ராமர் மூக்கு, லட்சுமணன் வில் நாண், அனுமார் வால், எல்லாம் கத்தியால் கீறி எடுத்த மாதிரி ஓட்டை. இரண்டு பேர் தூக்கிப் பிடித்தபோது பின்னாலிருந்து வெயில் அடித்தது. படம் முழுக்க வெளிச்சக் கோடாகத் தெரிந்தது. பார்க்க அழகாக இருந்ததுதான் வயிற்றைக் கலக்கியது.

ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆறு பேர் கூடுகிறோம். தறியை விட்டு ஓய்ந்த பெரியவர்கள் இரண்டு பேர், பிளவுஸ் தைக்கிற அக்கா, ஆரி வேலை செய்கிற பெண், தபால்காரர், நான். ஆளுக்கு ஒரு யோசனை. அலசிக் காயவைக்கலாம் என்கிறார் ஒருவர். கறுப்பு பெயிண்ட் வாங்கிக் கோட்டை மறுபடி இழுத்துவிடலாம் என்கிறார் இன்னொருவர். பின்னால் துணி கொடுத்து மெஷினில் அடித்துவிடலாம் என்பது அக்கா. ஃபெவிகாலைத் தண்ணீராகக் கரைத்து ஒட்டலாம் என்பது நான் (திட்டாதீர்கள்). ராமநவமிக்கு அதைக் கட்டியே ஆக வேண்டும் என்பது தெருவின் ஆசை. கையில் இருப்பது 8,000 ரூபாய்.

இதற்கிடையில் பழம்பொருள் வாங்குகிற ஒருவர் வந்து, இது கோடாலிக் கருப்பூர்த் துணி, 25,000 தருகிறேன் என்று நிற்கிறார். யாராவது வழி சொல்லுங்கள்.


மஞ்சப்பை எழுதியது:

சிம்பிள் சார். பூந்திக்கொட்டையை ராத்திரி ஊறவைத்து, அந்தத் தண்ணீரில் துணியை முக்கி எடுங்கள். கெமிக்கல் இல்லை, இயற்கை. எங்கள் பாட்டி பட்டுப் புடவைக்கெல்லாம் அதுதான் போடுவார். நிழலில் உலர்த்தினால் புதுசு மாதிரி ஆகிவிடும்.


பாவுநூல் எழுதியது:

தம்பி, மேலே சொன்னதைச் செய்துவிடாதே. மஞ்சப்பை மேல் எனக்குக் கோபம் இல்லை. நானே அதைத்தான் ஒரு தடவை செய்தேன்.

எனக்கு 63 வயது. அப்பா பட்டுத் தறி நெய்தவர், நான் பாவு ஓடியே வளர்ந்தவள். 2011-இல் நாங்கள் நாலு பெண்கள், எல்லாம் நெசவுக்காரர் வீட்டுப் பெண்கள், பழைய துணிகளைச் சரிசெய்து தருகிறோம் என்று கிளம்பினோம். கூலி கிடையாது. காபி கொடுத்தால் போதும். முதல் இரண்டு வேலை நன்றாக வந்தது, தலை கனத்துவிட்டது. மூன்றாவதாக ஒரு வீட்டிலிருந்து தொம்பை வந்தது, அன்னமும் யாளியும் வரிசை வரிசையாக. புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறிக் கிடந்தது. பித்தளை அண்டாவில் பூந்திக்கொட்டைத் தண்ணீர் வைத்து முக்கினோம். தண்ணீர் டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்தது. அழுக்கு இறங்குகிறது பார் என்று ஒருத்தருக்கொருத்தர் சிரித்துக்கொண்டோம். தூக்கும்போதுதான் தெரிந்தது. தண்ணீர் குடித்த துணி கனமாகத் தொங்கியது, கறுப்புக் கோடெல்லாம் அண்டாவிலேயே தங்கிவிட்டது. கையில் வந்தது கோடு இல்லாத சிவப்புத் திட்டு, நாடா நாடாக. அண்டாவின் அடியில் படிந்த கறுப்புத் தூளையும் நூல் துணுக்குகளையும் வடிகட்டிக் காயவைத்தேன். இன்றைக்கும் என் பீரோவில் ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கிறது. அந்த வீட்டம்மா "பரவாயில்லம்மா, பழசுதானே" என்றார். திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

அப்புறம்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். துணியைக் கடுக்காயில் நனைத்து, அதன்மேல் இரும்புத் துருவில் காய்ச்சிய சாயத்தால் எழுதுவதால்தான் அந்தக் கறுப்பு வருகிறது. கடுக்காய்த் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்த மை அது. அந்த இரும்பும் அமிலத் தன்மையும் வருஷக்கணக்கில் பருத்தியை உள்ளிருந்தே தின்கின்றன. சாயம் நூலைப் பொடியாக்கிவிட்டது, அவ்வளவுதான். பூச்சி அரித்தது இல்லை இது. பழைய காகிதக் கையெழுத்துப் பிரதிகளில் மைக்கோடு போன இடம் பொத்தலாக இருக்குமே, அதே கதை. சோழமண்டலக் கரையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன பூத்துணிகளிலும் கறுப்பு ஓரக்கோடு இப்படித்தான் போயிருக்கிறது. நனைத்தால் இரும்பு கரைந்து பக்கத்து நல்ல நூலுக்கும் பரவும். ஆகவே தண்ணீர் கூடாது, பூந்திக்கொட்டையும் கூடாது, ஈரத்துணியால் துடைப்பதும் கூடாது. சிவப்பு ஏன் கெட்டியாக நிற்கிறது என்றால் அது படிகாரத்தோடு சேர்ந்த வேர்ச்சாயம். இம்பூரல் வேர், மஞ்சிட்டி இந்த வகை. அது துணியைத் தின்னாது.

இப்போது உங்கள் நாலு யோசனைக்கும் வருகிறேன். அலசுவது பற்றிச் சொல்லிவிட்டேன். ஃபெவிகால் காய்ந்தால் தகடு மாதிரி விறைக்கும், மடிக்கிற இடத்தில் துணியோடு சேர்ந்து ஒடியும், திரும்ப எடுக்கவும் முடியாது. வாத்தியாருக்கு ஒரு பூஜ்ஜியம். மெஷின் தையல் இந்தத் துணியில் வரிசையாகப் பொத்தல் போட்ட தபால் தலை மாதிரி, அந்தக் கோட்டிலேயே கிழியும். கோட்டை மறுபடி இழுப்பது பற்றித் தனியாகச் சண்டை போடவேண்டும், பிறகு வருகிறேன்.

முதலில் செய்ய வேண்டியது, தூக்குவதை நிறுத்துவது. இனி யாரும் அதை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்க்கக் கூடாது. மடத்தில் பழைய கதவுப் பலகை இருக்குமே, இரண்டைச் சேர்த்துப் போட்டு, மேலே துவைத்த வெள்ளை வேட்டி விரித்து, அதன்மேல் மேற்கட்டியை வையுங்கள். நகர்த்துவதானால் பலகையோடு நகர்த்துங்கள். சுருக்கத்தை நீக்க இஸ்திரிப் பெட்டி கிட்டவே வரக் கூடாது. மழைக்காலக் காற்றிலேயே துணி கொஞ்சம் இளகும். கையால் மெல்ல நீவி, ஓரம் தேய்த்த கண்ணாடித் துண்டை மேலே கனமாக வைத்தால் இரண்டு நாளில் படியும். அவசரப்பட்டால் ஒடியும்.

பிறகு படம் எடுங்கள். ஒரு அடிக்கு ஒரு அடி கட்டமாக, பக்கத்தில் அளவுகோல் வைத்து, முன்பக்கம் பின்பக்கம் இரண்டும். கணக்கு வாத்தியார் கிராஃப் தாளில் எந்தக் கட்டத்தில் என்ன சேதம் என்று குறித்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அந்தப் பொறுமை இல்லாமல்தான் தொம்பை போனது.

தூசிக்கு: ஆரி போடும் பெண்ணின் ஃபிரேமில் நைலான் கொசுவலையை இழுத்துக் கட்டச் சொல்லுங்கள். அதைத் துணிமேல் வைத்து, வேக்குவம் கிளீனரை மிகக் குறைந்த வேகத்தில், வலைக்கு மேலாகவே பிடியுங்கள். வலை இல்லாமல் பிடித்தால் ராமர் பைக்குள் போய்விடுவார். எண்ணெய்க் கறை, விபூதி, மெழுகுத் துளி எதையும் சுரண்ட வேண்டாம். குங்குமத்தை மட்டும் மென்மையான பிரஷ்ஷால் தட்டி எடுங்கள், இப்போது வருகிற குங்குமத்தில் சாயம் உண்டு, ஈரம் பட்டால் ஓடும்.

பெட்டியில் ராமபாணப் பூச்சி இருந்ததா? பட்டுப் புடவை சின்னதுதானே, அதைப் பாலித்தீன் பையில் காற்றை அமுக்கி எடுத்து ஒட்டி, நல்ல ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்த பிறகு ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்காமல் வெளியே வைத்துவிட்டுத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் துணிமேல் தண்ணீர் வியர்க்கும். ஜரிகை கறுத்திருக்கும். அது வெள்ளியின் கறுப்பு. புளி, எலுமிச்சை, பற்பசை எதுவும் வேண்டாம்.

இவ்வளவும் செய்துவிட்டு, ஊசியைத் தொடுவதற்கு முன் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்து வேதியியல் பாதுகாப்புப் பிரிவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். 1930-இலிருந்து இருக்கிற பிரிவு அது. மத்திய அரசின் பழம்பொருள் பாதுகாப்பு ஆய்வகம் லக்னோவில் இருக்கிறது, மைசூரில் அதன் கிளை. படத்தோடு எழுதினால் மதிப்பார்கள். சும்மா "பழைய துணி இருக்கிறது" என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது.

வியாபாரியை அனுப்பிவிடுங்கள். 100 வருஷத்துக்கு மேற்பட்ட கைவினைப் பொருள் 1972 சட்டப்படி தொல்பொருள், அதை வெளிநாட்டுக்கு விற்க முடியாது. அவருக்கு அது தெரியும்.


கடுக்காய்ப்பால் எழுதியது:

நாங்கள் தொம்பை எழுதுகிற குடும்பம், சிக்கல்நாயக்கன்பேட்டைப் பக்கம். அம்மா சொன்னதில் சாயம் பற்றிய பகுதி சரி. எங்கள் வழக்கத்தை மட்டும் சேர்க்கிறேன்.

காடாத் துணியைக் கஞ்சி போகத் துவைத்து, கடுக்காய்ப் பொடி கரைத்த பாலில் நனைத்துக் காயவைப்போம். பால் கொழுப்பு இருந்தால்தான் கோடு கசியாது. இரும்புத் துண்டுகளைப் பனைவெல்லத் தண்ணீரில் பானையில் போட்டு வாரக்கணக்கில் புளிக்கவிடுவோம். அந்தத் தண்ணீர் பார்வைக்கு வெறும் பழுப்பாகத்தான் இருக்கும், மூங்கில் குச்சியால் கடுக்காய்த் துணியில் தொட்டதும் கறுக்கும். அப்பா காலத்தில், கோடு கன்னங்கரேல் என்று வரவேண்டும் என்பதற்காகத் துருவைக் கூட்டுகிறவர்களை அவர் திட்டுவார். "இன்னிக்கு மின்னும், பேரன் காலத்துல பொத்துக்கும்" என்பார். உங்கள் மேற்கட்டியை எழுதியவர் அந்த ரகம் போலிருக்கிறது.

அதனால்தான் கோட்டை மறுபடி இழுப்பது பற்றி நானே சொல்கிறேன், வேண்டாம். நான் எழுதுகிறவன், எனக்குக் கை துறுதுறுக்கும். ஆனால் பழைய முறையிலேயே எழுதினால் புதிதாக இரும்பை ஏற்றுகிறீர்கள், மிச்சமிருக்கிற ஓரமும் போகும். கடை பெயிண்ட் போட்டால் அது பிளாஸ்டிக் படலம், விறைத்து உரியும். அதோடு, ராமர் மூக்கை நீங்கள் இழுத்தால் அது உங்கள் மூக்கு. நான் இழுத்தால் என் மூக்கு. அவருடைய மூக்கு இல்லை.

வியாபாரி சொன்னது பொய். கோடாலிக் கருப்பூர்த் துணி என்பது தஞ்சை மராட்டிய அரசர் வீட்டுக்காக நெய்தது. பருத்திக்குள் தறியிலேயே ஜரிகை கோத்து, சாயம் ஏறக் கூடாத இடத்தை மெழுகு பூசிக் காத்து, மேலே சாயம் எழுதியது. அரச குடும்பத்தின் ஆதரவு போனதும், 19-ஆம் நூற்றாண்டிலேயே அந்தத் தொழில் ஓய்ந்தது. உங்களுடையதில் ஜரிகை இல்லையே. இது கோயிலுக்கும் மடத்துக்கும் எழுதுகிற எழுத்துத் துணி. அதுவும் குறைச்சல் இல்லை. கருப்பூர்க் கலம்காரி என்ற பெயரில் 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது இந்த வகைக்குத்தான்.

ராமநவமிக்கு வேண்டுமானால் புதிதாக ஒன்று எழுதிக் கட்டுங்கள். உங்கள் கட்டம் போட்ட படங்களை அனுப்பினால் அதே அளவில் எழுதித் தருகிறேன். துணியின்மேல் தாள் வைத்து நகல் எடுக்க வேண்டாம், பென்சில் அழுத்தமே போதும் அதைக் கிழிக்க.


தறிக்குழி எழுதியது:

பூஜ்ஜியத்தை ஏற்றுக்கொள்கிறேன்.

ஒரு சிக்கல். எங்கள் பெரியவர்கள் இரண்டு பேரும் கேட்கமாட்டேன் என்கிறார்கள். அறுந்த இழையை முடி போடுவதும், விட்ட இழையைக் கோப்பதும் 50 வருஷமாகச் செய்தவர்கள். "துணியில ஓட்டை இருக்கு, நூல் இருக்கு, கை இருக்கு. சும்மா உக்காந்து போட்டோ புடிக்கச் சொல்ற?" என்கிறார் ஒருவர். என்ன பதில் சொல்வது?


வெண்ணூல் எழுதியது:

நான் யாழ்ப்பாணத்து ஆள், இப்ப இங்கிலாந்தில இருக்கிறன். எங்கட ஊர்ப் பேராலயத்தில ஒரு தையல் குழு இருக்கு. எல்லாரும் தொண்டர்மார்தான், கிழமைக்கு ஒரு நாள் கூடுறம். குருமாரின்ர பழைய உடுப்பு, பீடத்துச் சீலை எல்லாம் எங்கட கைக்கு வரும். உந்தப் பெரியவர் சொன்னதை நானும் முதல் மாதம் சொன்னனான். எனக்கு எம்பிராய்டரி நல்லா வரும், ஆனா முதல் ஆறு மாதம் அவை எனக்கு ஊசியே தரேல்ல. தூசி எடுக்கிறதும், படம் கீறிக் குறிக்கிறதும்தான் வேலை.

இப்பிடியான குழுக்களுக்கு இங்க பழைய வரலாறு இருக்கு. லூயிசா பெசல் எண்டு ஒரு அம்மா, எம்பிராய்டரர்ஸ் கில்ட் எண்ட தையல் சங்கத்தின்ர முதல் தலைவி. முதலாம் உலகப் போரில மனம் கலங்கி வந்த சிப்பாய்மாருக்கு பிராட்ஃபோர்டில தையல் பழக்கினவ. பிறகு 1931-இல வின்செஸ்டர் பேராலயத்துக்கு முழங்கால் திண்டும் இருக்கைத் திண்டும் தைக்க ஊர்ச் சனத்தைச் சேர்த்தவ. அவை தைச்சதுகள் இண்டைக்கும் அங்க இருக்கு.

பெரியவருக்கு ஒரு கதை சொல்லுங்கோ. டெர்பிஷயரில ஹார்ட்விக் ஹால் எண்ட மாளிகையில பைபிள்ல வாற கிதியோன்ர கதை நெய்த 13 பெரிய திரைச்சீலை இருக்கு. 1592-இல பெஸ் எண்ட சீமாட்டி பழசாத்தான் அதை வாங்கினவ. முந்தின சொந்தக்காரரின்ர குலச்சின்னம் அதில நெய்திருந்தது. அதை மறைக்கிற செலவுக்கெண்டு 5 பவுண் குறைப்பிச்சு வாங்கி, தன்ர சின்னத்தை எழுதின துண்டுத் துணியை மேல தைப்பிச்சு, பழைய சின்னத்தில இருந்த பெண்மானுக்குக் கொம்பும் வைச்சு, தன்ர குடும்பச் சின்னமான ஆண்மானாக்கினவ. கெட்டிக்காரி. அந்த 13-ஐயும் ஒண்டொண்டாச் சுத்தம் செய்து தைச்சு முடிக்க 24 வருஷம் எடுத்தது, 2023-இலதான் முடிஞ்சது. அது சம்பளத்துக்கு வேலை செய்யிற தேர்ந்த ஆக்கள். நாங்கள் ஞாயிற்றுக்கிழமைக்காரர், எங்களுக்கு என்ன அவசரம்?

நாங்கள் பிடிக்கிற ஒரு விதி: தையல் நூல் பழைய துணியை விடப் பலம் குறைஞ்சதா இருக்க வேணும். எப்பவாவது இழுபட்டா நூல்தான் அறவேணும், துணி இல்லை.


பாவுநூல் எழுதியது:

வெண்ணூல் சொன்ன விதியை நெசவுக்காரரிடம் சொன்னால் சிரிப்பார். அறாத நூலுக்குத்தானே வாழ்நாள் பூரா பாடுபட்டார். ஆனால் தம்பி, பெரியவர்களை ஒதுக்காதே, அவர்கள் கண் உனக்கு வேண்டும். அவர்களிடம் இழையை எண்ணச் சொல். ஒரு அங்குலத்தில் பாவு (நீள இழை) எத்தனை, ஊடை (குறுக்கிழை) எத்தனை, ஒற்றை இழையா இரட்டையா, இந்தத் துணி ஒரே அகலமா இல்லை இரண்டு துண்டு சேர்த்ததா. இதை ஒரு லென்ஸை வைத்து அவர்கள் சொல்கிற மாதிரி நீயோ நானோ சொல்ல முடியாது. எண்ணி முடிப்பதற்குள் கை தானாக அடங்கும். எனக்கு அப்படித்தான் அடங்கியது.

தைக்க வேண்டிய வேலையும் இருக்கிறது. எழும்பூரிலிருந்து சம்மதம் மாதிரி ஒரு பதில் வந்த பிறகு செய்யுங்கள். மேற்கட்டியை விட எல்லாப் பக்கமும் ஒரு சாண் பெரிதாக மல் துணி வாங்குங்கள். வெந்நீரில் மூன்று தடவை அலசிக் கஞ்சியை முழுக்க எடுங்கள், கஞ்சி இருந்தால் ராமபாணம் திரும்ப வரும். சொட்டு நீலம் போடாதீர்கள், கம்ஃபர்ட் போடாதீர்கள். பழுப்பு நிறத்துக்காகத் தேயிலையில் முக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். தேயிலையும் துவர்ப்புதான், அமிலம்தான். இங்கே ஏற்கெனவே இரும்பு காத்துக்கொண்டிருக்கிறது.

அந்த மல் துணியை அடியில் விரித்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கி நீள நீளமாகத் தளர்ந்த ஓட்டுத் தையல். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் ஒரு சாண் இடைவெளி. கறுப்புக் கோட்டிலோ அதன் ஓரத்திலோ ஊசி இறங்கவே கூடாது, அரை விரல் தள்ளி நல்ல துணியில்தான். 12-ஆம் எண் ஊசி. ஊசி இரண்டு இழைக்கு நடுவில் இறங்க வேண்டும், இழையைத் துளைக்கக் கூடாது. இது ஆரிப் பெண்ணுக்கும் பெரியவர்களுக்கும் நடுவே பேசி முடிக்க வேண்டிய விஷயம். கிழிசல் உள்ள இடத்தில் முறுக்காத பட்டிழை ஒன்றை மேலாகக் குறுக்கே படுக்கவைத்து, அதைச் சின்னச் சின்ன முடிச்சுத் தையலால் பிடியுங்கள். அடுத்த இழை ஒரு நெல் அகலம் தள்ளி. இழுத்துக் கட்டினால் துணி சுருங்கும், சும்மா தொட்டுக்கொண்டிருந்தால் போதும். கும்பகோணத்தில் முறுக்காத பட்டிழை கேட்டால் எந்தப் பட்டுக்காரரும் ஒரு கைப்பிடி சும்மா கொடுப்பார்.

முடிந்ததும் மடிக்காதீர்கள். 4 அங்குல பிவிசி குழாய், 8 அடி. அதன்மேல் துவைத்த வெள்ளைத் துணி இரண்டு சுற்று. எழுதிய பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டி, மேலே இன்னொரு துணி. குழாயின் இரண்டு முனையையும் தாங்கி வையுங்கள், துணி தரையில் படக் கூடாது. வசம்பு போடலாம், துணிக்குள் இல்லை, பெட்டி மூலையில். மழைக்காலம் முடிந்ததும் ஒரு தடவை அவிழ்த்துப் பாருங்கள்.


தறிக்குழி எழுதியது (பங்குனி):

நாலு மாதம் ஆகிவிட்டது, தகவல் சொல்லாமல் இருந்ததற்கு மன்னிக்கவும். 14 ஞாயிறு வேலை நடந்தது. எழும்பூருக்கு எழுதிய கடிதத்துக்கு மூன்றாவது வாரம் பதில் வந்தது. அவர்களும் நனைக்காதீர்கள், அடித்துணி கொடுத்துத் தாங்குங்கள் என்றுதான் சொன்னார்கள்.

இழை எண்ணும் வேலையைப் பெரியவர்களிடம் கொடுத்தேன். முதல் நாளே இரண்டு பேருக்கும் சண்டை. ஒருவர் 44 என்கிறார், ஒருவர் 46. கடைசியில் இரண்டும் சரி, ஏனென்றால் மேற்கட்டி இரண்டு துண்டு துணி, வேறு வேறு தறியில் நெய்தது. நடுவே அன்ன வரிசைக்குள் மறைத்துச் சேர்த்திருக்கிறார்கள். அந்தச் சேர்ப்புத் தையலைப் பார்த்துவிட்டு, அலசச் சொன்ன பெரியவர் "இத தெச்சவன் நம்மாளுதான்" என்று உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் யார் கையாவது வேகமாகப் போனால் அதட்டுகிறவர் அவர்தான்.

இனி முக்கியமான விஷயம். தையல் அக்கா ஒன்று கண்டுபிடித்தார். கோடு போன ஓட்டை வழியாக அடியிலிருக்கும் மல் துணி வெள்ளையாகத் தெரிந்தது, முகமெல்லாம் கீறல் விழுந்த மாதிரி. அந்த இடத்துக்கு மட்டும் அடியில் கறுப்புத் துணித் துண்டு வைத்தால் கோடு வந்துவிடுமே என்றார். வைத்துப் பார்த்தோம். கோடு வந்தது, ஆனால் பட்டாபிஷேக முகங்கள் எல்லாம் அமாவாசை மாதிரி இருண்டுவிட்டன, மெலிந்த துணி வழியாகக் கறுப்பு ஊறித் தெரிந்தது. காப்பிக்கொட்டை நிறத்தில் ஒரு துண்டு வைத்ததும் சரியாக அமைந்தது. சாயம் ஓடுகிறதா என்று ஈர வெள்ளைத் துணியால் தேய்த்து, ஒரு வாரம் வெயிலில் போட்டுச் சோதித்த பிறகுதான் வைத்தோம். மேலே ஒரு சொட்டு மை கூட இல்லை. ராமருக்கு மூக்கு வந்துவிட்டது, வரைந்தவர் வரைந்த அதே மூக்கு. வேண்டாம் என்றால் நாளைக்கே அந்தத் துண்டை உருவிவிடலாம்.

மூலையில் அழுக்குக்கு அடியில் எழுத்து இருந்தது, தூசி எடுத்ததும் படிக்க முடிந்தது. "மேலத் தெரு பெண்டுகள் உபயம்". பெயர் ஒன்றும் இல்லை. வருஷமும் இல்லை.

ராமநவமிக்குப் புது மேற்கட்டி எழுதியாகிறது, கடுக்காய்ப்பால் அவர்கள் கைவண்ணம். பழையதைக் கட்டவில்லை. பலகையோடு சாய்த்து, உள் அறையில், விளக்குப் புகை வராத இடத்தில் அன்றைக்கு ஒரு நாள் மட்டும் வைப்பதாகத் தீர்மானம். அதற்கும் தெருவில் முணுமுணுப்பு உண்டு, இருக்கட்டும்.

8,000-இல் மிச்சம் 2,150. குழாய் 8 அடிக்குக் கிடைக்கவில்லை, 10 அடி வாங்கி அறுத்தோம்.

இன்னும் தொம்பை நான்கு பாக்கி. குழல் மாதிரி வட்டமாகத் தைத்திருக்கிறது, உள்ளே மூங்கில் வளையம் துருத்திக்கொண்டு இருக்கிறது. பக்கத் தையலைப் பிரித்தால் மேற்கட்டி மாதிரி தட்டையாக விரித்து வேலை செய்யலாம். பிரிக்கலாமா அக்கா?


பாவுநூல் எழுதியது:

பிரிக்காதே. அந்தத் தையலும் பழசு. வளையத்தை மட்டும் வெளியே எடு, அதுதான் துணியை உரசுகிறது. எடுப்பதற்கு முன் எந்த வளையம் எந்த உயரத்தில் இருந்தது என்று எழுதிவை. உள்ளே நுழைகிற அளவு அட்டைக் குழாயில் வெள்ளைத் துணி சுற்றி, அதன்மேல் தொம்பையைத் தாங்கவிடு. சேதத்தைக் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம்.

வருகிற ஞாயிறு எனக்கு வேலை இல்லை. 9 மணி பஸ்ஸில் வருகிறேன், மதியச் சாப்பாடு உங்கள் பொறுப்பு. அந்த ஹார்லிக்ஸ் பாட்டிலையும் எடுத்து வருகிறேன், ஆரிப் பெண் பார்க்கட்டும்.